சாணிச் சுங்கம்

என் மண்புழுக்களைப் பக்கத்து வீட்டு ஏழுமலைதான் விஷம் வைத்துக் கொன்றான் என்று நான் நம்பினேன்.

சும்மா சந்தேகப்படவில்லை, நம்பினேன். காலையில் பல் துலக்கும்போது நம்பினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டே நம்பினேன். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அதிலும் அவன் கை இருக்குமோ என்று பார்த்தேன். டிக்கெட் மெஷினைக் காணோம் என்று டிப்போவையே புரட்டிப்போட்டுவிட்டு, கடைசியில் அது என் கழுத்திலேயே தொங்கியதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதே புத்திதான். ஆனால் அன்றைக்கு நஷ்டம் என் மானம் மட்டும். இந்தக் கதையில் ஒரு மாடு இருக்கிறது.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் டிரிப்புக்குக் கிளம்புமுன் வழக்கம்போலத் தோட்டத்துப் பக்கம் போய் மண்புழுத் தொட்டி மேல் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினேன்.

மழை பெய்த மண்ணின் வாசனை வரவேண்டும். நெத்திலிக் கருவாட்டைக் கழுவி ஊற்றிய தண்ணீரின் நாற்றம் வந்தது.

சாக்கின் அடிப்பக்கத்தில் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருக்க முடியாமல் மேலே ஏறி வந்தவை. சிமெண்ட் விளிம்பைத் தாண்டித் தப்பித்தவை தரையில் கிடந்தன, வறுத்த சேமியா மாதிரி. கையை உள்ளே விட்டேன். செவசெவவென்று நெளிய வேண்டியவை வெளுத்துக் கொழகொழவென்று விரலில் ஒட்டின.

"மங்கை, எல்லாம் பூட்டுச்சு" என்று கத்தினேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு பூட்டாங்க?"

"புழு."

"அய்ய, நான் எங்க அம்மாக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரில் தெரிவது ஏழுமலையின் மாட்டுக் கொட்டகை.

தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகள்

புழுவோடு எனக்குப் பழைய பகை உண்டு. பள்ளிக்கூடத்து நாட்களில் ஏரியில் தூண்டில் போடுவதற்காகப் புழு தோண்டுவோம். ஒரு புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பி, கொட்டாங்கச்சி நிறையப் புழுவை பிளேடால் நறுக்கி வைத்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தேன். எறும்புக்குத்தான் கல்யாணச் சாப்பாடு கிடைத்திருந்தது. அன்றிலிருந்தே என்னிடம் வாழ்ந்த புழு கிடையாது.

அதற்குப் பிறகு மறுபடி இந்த வேலையில் இறங்கியதற்கு மங்கையின் கத்திரிச் செடிகள்தான் காரணம். இலை சுருண்டு, காய் கோலிக்குண்டு அளவுக்குமேல் போகவில்லை. விழுப்புரத்தில் ஒரு பயிற்சியில் கலந்துகொண்டேன். மண்புழு உரம் போடு, மண் பொலபொலவென்று ஆகும், தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரை இலையில் தெளி, செடி தானாகத் தேறும் என்றார்கள். செலவும் இல்லை, காய்கறித் தோலும் சாணியும் போதும் என்றார்கள். செல்போனில் வீடியோ போடுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் வியர்வை இல்லை. எல்லாருக்கும் புழு பெருகுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

புழுக்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நான் வேலை பார்க்கும் பஸ்ஸிலேயே, என் சீட்டுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் டிரைவர் பிரேக் போட்டதில் டப்பா உருண்டு மூடி திறந்துகொண்டது. முன் சீட்டில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அம்மா காலைத் தூக்கி சீட்டு மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னா கண்டக்டரே இது?"

"விவசாயம்மா."

"விவசாயம் இன்னாத்துக்கு என் செருப்புல ஏறுது?"

டோல்கேட் வரிசை நகர்வதற்குள் குனிந்து பொறுக்கி முடித்தேன். அந்த அம்மா திண்டிவனம் வரைக்கும் காலை இறக்கவில்லை.

சுங்கம் வசூலித்த முறை

இப்போது சாணிக்கு வருகிறேன்.

ஏழுமலை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். இடுப்பு எலும்பு விலகியதும் டாக்டர் இனி பாரமே தூக்கக் கூடாது என்றுவிட்டார். அப்போது வாங்கியதுதான் அந்தக் கறவை மாடு. அவனும் அவன் மனைவி கஸ்தூரியும் பிழைப்பது அந்தப் பாலில்தான். தெருவில் மாட்டுக்குக் கலெக்டரம்மா என்று பெயர். அது நடுரோட்டில் நடந்து வந்தால் லாரிக்காரனும் ஒதுங்கி நிற்பான். அதனால் வந்த பெயர்.

அவன் வீடு முன்னால் ஒடுக்கம். வாசற்படியில் மனுஷனே தோளைத் திருப்பித்தான் நுழைய வேண்டும். கொட்டகை பின்னால் இருக்கிறது. மாடு வெளியே வரவேண்டும் என்றால் என் வீட்டுச் சுவரோரமாக இருக்கும் சந்து வழியாகத்தான் வரவேண்டும். சந்து என் பட்டாவில் இருக்கிறது. காலையில் போகும், சாயங்காலம் வரும். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தொட்டி வைத்த பிறகு கேட்டேன். தினமும் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுகிறவனுக்கு அந்தப் புத்தி ஒட்டாமல் இருக்குமா?

"ஏழுமல, இந்த வழியில போறதுக்கு இனிமே சுங்கம் உண்டு. ஒரு கூடை சாணி."

"அவ்வளவுதானே கண்டக்டரே? கலெக்டரம்மா போறப்பவே கட்டிட்டுப் போயிடுவா, ரசீதுகூட வாணாம்" என்றான்.

அப்படித்தான் நடந்தது. கஸ்தூரி கூடையில் அள்ளி வந்து சந்து முனையில் கொட்டுவாள். பயிற்சியில் சொன்னபடி பச்சையாகப் போடாமல், நிழலில் பரப்பித் தண்ணீர் தெளித்து, சூடு ஆறிய பிறகுதான் தொட்டியில் போடுவேன். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைதான், சந்தும் தோட்டமும் சேரும் ஓரத்தில் வைத்த என் தொட்டி. அடியில் செங்கல் ஜல்லி, மேலே தேங்காய் நார், அதற்குமேல் சாணியும் காய்கறித் தோலும்.

மூன்று மாதம் போனபோது டீத்தூள் மாதிரி உரம் வந்தது. கையில் எடுத்தால் ஒட்டாது. கத்திரிக்காய் ஊதாவாக மினுங்கிக்கொண்டு தொங்கியது. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் செல்போனில் கத்திரிக்காய் போட்டோ காட்டினேன். நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்களைக்கூட நிறுத்திக் காட்டினேன்.

அப்படி இருந்த தொட்டிதான் ஒரே ராத்திரியில் கருவாடாகிக் கிடந்தது.

குற்றப்பத்திரிகை

தொட்டி மேல் உட்கார்ந்தபடியே வழக்கை முடித்துவிட்டேன்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் சந்தில் வரும்போது மாட்டின் விலா தொட்டி விளிம்பில் உரசித் தோல் வழன்றிருந்தது. "இந்தத் தொட்டிய அந்தாண்ட தள்ளி வைங்க, இல்லாங்காட்டி ஒருநாளு இல்ல ஒருநாளு பேஜாராப் பூடும்" என்று ஏழுமலை சொன்னான். சொன்னபோது அது எனக்கு யோசனையாகத்தான் கேட்டது. புழு செத்த பிறகு நினைத்துப் பார்த்தால் மிரட்டலாகக் கேட்டது.

ஆயுதமும் இருந்தது. அவன் கொட்டகைத் தூணில் உண்ணிக்கு அடிக்கிற மருந்து டப்பா தொங்கியது. வருஷக்கணக்காக அங்கேயே தொங்குகிற டப்பாதான். அன்றைக்கு மட்டும் அது என்னைப் பார்த்து முறைத்தது.

சாட்சிக்குக் கஸ்தூரி. என் கத்தலைக் கேட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா கண்டக்டரண்ணே, ஒங்க புழுப் புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றாள். சிரித்தாள். எதற்காகச் சிரித்தாள்? அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே நான் ஆயுள் தண்டனை வரைக்கும் போய்விட்டேன்.

ஏழுமலை பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"இன்னாத்த ஊத்தின?"

"எதுல?"

"தொட்டியில."

"நான் எதுக்குங்க உங்க தொட்டியில ஊத்தப் போறேன்?"

"மாட்டுக்கு ஒரசிச்சின்னு ஊத்தியிருப்ப."

அவன் கேனைக் கீழே வைத்தான். "கண்டக்டரே, காலங்காத்தால வார்த்தைய வுடாதீங்க. நான் ஊத்தணும்னா உங்க எதிர்ல ஊத்துவேன். ஒளிஞ்சி வந்து புழுவக் கொல்ற ஆளா நானு?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. இதுவரைக்கும் அவனுக்கு நான் செய்த உபகாரம் ஒவ்வொன்றையும் தெருவே கேட்கும்படி எடுத்து வைத்தேன்.

"ஒனக்கு இடுப்பு புடிச்சப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனது யாரு? வழி வுட்டது யாரு? மாடு எலும்பும் தோலுமா ஆவுதுன்னு நீ அழுதப்ப, மெயின் ரோட்ல பேனர் கட்டியிருந்ததப் பாத்துட்டு, மாட்டுக்கு முகாம் போட்ருக்கான், ஜல்தியா ஓட்டிக்கினு போன்னு ஓடுற பஸ்ஸுல இருந்து போன் போட்டது யாரு? கஸ்தூரி செல்லு தொலைஞ்சப்ப..."

"எல்லாம் நீங்கதான். இல்லன்னு யாரு சொன்னா?" என்றான் ஏழுமலை. "அதுக்காகப் பழியும் வாங்கிக்கணுமா?"

மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? கத்துவான். கத்தினேன். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. கத்திக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நாக்கு

பஸ் விக்கிரவாண்டியை நெருங்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. முந்தின ராத்திரி கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அந்தச் செடிக்கு அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் தெளித்திருந்தேன். அதாவது, விஷம் தொட்டியிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து குழம்புக்கு, குழம்பிலிருந்து எனக்கு.

உடனே நாக்கு மரத்துப்போனது. விரல் நுனி குறுகுறுத்தது. "விழுப்புரம் ஒண்ணு" என்று கேட்டவருக்கு "நீங்க சாப்ட்டீங்களா?" என்று பதில் சொன்னேன். டிரைவரிடம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மங்கைக்கு நீதான் பதமாகச் சொல்ல வேண்டும் என்றேன். "டிரிப்பு முடியட்டும்ணே, கலெக்ஷன் யாரு கட்டுறது?" என்றான் அந்த இரக்கமில்லாதவன்.

திரும்பி வந்ததும் திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்.

"எப்பலேர்ந்து செவப்பா இருக்குது?"

"விஷம் சாப்ட்டதுலேர்ந்து சார்."

"வெத்தல போடுவீங்களா?"

"போடுவேன் சார்."

"வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க."

கொப்புளித்துவிட்டு வந்தேன். நாக்கு நல்ல நாக்காக இருந்தது. "அடுத்தவங்க வாங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதே கொழம்பத்தான நானும் துன்னேன்? உங்களுக்கு மட்டும் அந்த ஏழுமல தனியா எடுத்து வெச்சானா?"

பயம் போய்விட்டது. பயம் போன இடம் காலியாகக் கிடந்ததால் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது, இரண்டு மடங்காக. என்னை ஒரு டாக்டர் முன்னால் வாய் கொப்புளிக்க வைத்தவனும் ஏழுமலைதானே?

படல்

அந்த வார ஓய்வு நாளில் சந்தை அடைக்க ஒரு படல் கட்டினேன்.

மூங்கில் வாங்கி வந்து நானே பிளந்தேன். உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது, பிடுங்காமல் கட்டினேன். நடுவில் பழைய பேனர் துணி, அதற்குமேல் கருவேல முள். சந்தின் முனையில் நிறுத்திச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

"அதும் மேல இன்னாத்துக்குக் கோபம்? மாடு இன்னா பண்ணுச்சி?" என்றாள் மங்கை.

"மாட்டு மேல கோபம் இல்ல. வழி என்னுது."

சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து கஸ்தூரி மாட்டை ஓட்டி வந்தாள். கலெக்டரம்மா படலுக்கு முன்னால் வந்து நின்றது. வழி அடைபட்டதென்று அதற்குத் தெரியவில்லை. யாரோ திறப்பார்கள் என்று நின்றது. மூச்சு விட்டது. பிறகு பேனர் துணியின் ஓரத்தைக் கடித்து இழுத்தது.

கஸ்தூரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம். கேட்டால் முடியாது என்று சொல்லலாம் என்று தயாராக நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் மங்கைதான் என் சட்டைப் பையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்து மாட்டை உள்ளே விட்டாள். நான் மறுபடி பூட்டினேன்.

உள்ளே போன மாடு அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. ஏழுமலை புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, தோளைத் திருப்பித் தன் வாசல் வழியாக நுழைவதை நான் ஜன்னலில் பார்ப்பேன். புல்லுக்கட்டு வாசல் நிலையில் இடித்துப் பாதி உதிரும். குனிய முடியாமல் காலால் தள்ளிக்கொண்டு போவான். சாணி கொட்டகைக்குப் பின்னால் குவிந்துகொண்டிருந்தது. ஈ என் வீட்டுக்கும் வந்தது. அதற்கும் அவனையே திட்டினேன்.

மூன்றாவது சீட்டு

ஒருநாள் காலை டிரிப்பில் ஏழுமலை என் பஸ்ஸில் ஏறினான். வேட்டி சலவை வேட்டி. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியாக அவனிடம் வந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் கம்பியைப் பார்த்தேன்.

"விழுப்புரம்" என்றான் ஜன்னலிடம்.

டிக்கெட்டைக் கம்பியிடம் நீட்டினேன்.

பக்கத்தில் இருந்த பெரியவர் அவனுக்குத் தெரிந்தவர்போல. "எங்க ஏழுமல, வெள்ளையும் சொள்ளையுமா?" என்றார்.

"கண்டாச்சிபுரம் வரைக்கும். மாட்டு வியாபாரி ஒருத்தரு இருக்காராம். பாத்துட்டு வர்றேன்."

"வாங்கப் போறியா?"

"விக்க." குரலை உயர்த்தவில்லை. "வழி இல்லாத ஊட்ல மாட்டக் கட்டி வெச்சிக்கினு இன்னா பண்றது? நிக்கிற எடத்துலயே நின்னு கொளம்பு வெடிச்சிப் போச்சி."

"அதுலதான உன் பொழப்பே ஓடுது?"

ஏழுமலை டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

நான் பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், குடிக்காமலே மூடினேன். டோல்கேட்டில் நின்றபோது பக்கத்து வரிசையில் மாடு ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. பலகை இடுக்கில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. திரும்பிக்கொண்டேன். விற்கட்டும், எனக்கென்ன, விஷம் வைத்தவன் விற்கட்டும் என்று ஒரு தடவை சத்தமாகவே சொல்லிவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

வியாபாரி வந்த நாள்

என்னுடைய ஓய்வு நாளாகப் பார்த்து வந்தார்கள். படலைத் திறக்க ஆள் வேண்டுமே.

மினி லாரி தெருவில் நின்றது. வியாபாரி கொட்டகைக்குள் போனார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கத்திரிச் செடிக்குக் களை எடுக்கிறவன்போலக் குந்திக்கொண்டிருந்தேன். பிடுங்கியதில் பாதி கத்திரிச் செடிதான். காது முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம்.

பல்லைப் பார்த்தார். மடியைத் தட்டினார். எத்தனையாவது ஈத்து என்று கேட்டார். குளம்பைப் பார்த்து 'ச்சு' கொட்டினார்.

"கால வுட்டுட்டுப் பாத்தா மாடு நல்லாத்தான் இருக்குது. தோலு மினுமினுன்னு இருக்குதே, இன்னா குடுத்தீங்க?"

"போன மாசம் முகாமுக்கு ஓட்டிக்கினு போனேங்க" என்றான் ஏழுமலை. "அதுக்கு முந்தி எலும்பா இருந்துச்சி. வயித்துல பூச்சின்னு மருந்து குடுத்தாங்க."

"அப்படியா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சாவா? உள்ள இருந்த புழு பூரா செத்து சாணியோட வந்துச்சி. அந்த மருந்துக்கு எந்தப் புழுவும் நிக்காதுன்னாரு டாக்டரு."

என் கையில் ஒரு கத்திரிச் செடி வேரோடு வந்தது.

எந்தப் புழுவும் நிக்காது.

முகாமுக்குப் போன அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் கஸ்தூரி கூடை கூடையாகக் கொட்டிய சாணி. நிழலில் பரப்பி, தண்ணீர் தெளித்து, சூடு ஆறவைத்து, பிள்ளைக்குச் சோறு பிசைவதுபோல உதிர்த்து, தொட்டியில் நான் போட்ட சாணி. சூடு ஆறியது, மருந்து ஆறவில்லை. அதையும் தாண்டி நினைவு ஓடியது. ஓடுகிற பஸ், மெயின் ரோட்டில் பேனர், என் செல்போன். ஜல்தியா ஓட்டிக்கினு போ.

கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன். கத்திரிச் செடியோடு குந்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, படலத் தொறங்க, வண்டி நிக்குது" என்று வியாபாரி சுவருக்கு மேல் கூப்பிட்டார்.

எழுந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பழக்கமில்லாத வாக்கியம். பழகிய வாக்கியம்தான் வந்தது.

"தொறக்க முடியாது."

ஏழுமலை சுவரோரம் வந்தான். அத்தனை வருஷத்தில் அவன் என்னை 'நீ' என்றதில்லை.

"நீ மனுஷனாய்யா? வழியும் வுட மாட்ட, விக்கவும் வுட மாட்டியா? அந்த மாடு அங்கியே நின்னு சாவணும், அத நீ பாக்கணும், அதான?"

"தொறக்க முடியாதுன்னா முடியாது."

"சாவியக் குடுங்க" என்று மங்கை வந்து கையை நீட்டினாள். என் பக்கம் இருந்த ஒரே ஆளும் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"காணோம்" என்றேன். சாவி சட்டைப் பையில் கனத்தது.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். தெரு கூடிவிட்டது. ஒருத்தர் என்னைக் கல்நெஞ்சன் என்றார். இன்னொருத்தர் பஸ்ஸில் மீதிச் சில்லறை தராத ஆள் வேறு எப்படி இருப்பான் என்றார். கஸ்தூரி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைத் திட்டினாள். அதில் பாதியைப் பத்திரிகையில் எழுத முடியாது. நான் படலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கருவேல முள் சட்டையைத் தாண்டி இறங்கியது. நகர்ந்தால் மாடு லாரி ஏறிவிடும், நகரவில்லை.

"உங்க பஞ்சாயத்த முடிச்சிக்கினு கூப்புடுங்க, எனக்கு வேற மாடு இருக்குது" என்று வியாபாரி வண்டியில் ஏறிப் போனார்.

லாரி முனை திரும்பிய பிறகுதான் சொன்னேன்.

"ஏழுமல, புழு செத்தது ஒன் மாட்டுச் சாணியில."

"இப்ப மாட்டு மேலயும் பழியா?"

"முகாம்ல குடுத்த மருந்து. சாணியில எறங்கி, சாணியோட தொட்டிக்கு வந்துடுச்சி. போட்டது நானு."

கணக்கு அவனுக்கும் ஓடியது தெரிந்தது.

"முகாமுக்குப் போன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"படல் கட்டினது?"

"நான்தான்."

"இத்தினி நாளா புல்லுக்கட்டத் தூக்கிக்கினு அந்த வாசல்ல நொழஞ்சேனே, அத ஜன்னல்ல நின்னு பாத்தது?"

நான் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். படலை இழுத்தபோது பேனர் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஏழுமலை கயிற்றை அவிழ்த்து மாட்டைச் சந்து வழியாக நடத்திக்கொண்டு போனான். கலெக்டரம்மா குளம்பு வலியில் நொண்டி நொண்டி நடந்தது. போகிற போக்கில், என் கால் பக்கத்திலேயே, சுங்கத்தைக் கட்டிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு

ஏழுமலை மாட்டை விற்கவில்லை. குளம்புக்கு மருந்து போட மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனபோது, கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன். டாக்டரிடம் தொட்டிக் கதையைச் சொன்னேன். பூச்சி மருந்து கொடுத்த மாட்டுச் சாணியைச் சில வாரத்துக்கு மண்புழுவுக்குப் போடக் கூடாது, தனியாகக் குவித்து வைக்க வேண்டும் என்றார். "இத முன்னாடியே சொல்ல மாட்டீங்களா சார்?" என்று அவரிடம் கத்தினேன். நீங்கள் முன்னாடியே கேட்கவில்லையே என்றார். எந்த வீடியோக்காரனாவது சொன்னானா? சிரிக்கத்தான் தெரியும் அவர்களுக்கு.

ஏழுமலை இன்னும் என்னோடு அளவாகத்தான் பேசுகிறான். 'நீங்க' திரும்பி வந்துவிட்டது, அதில் முன்பிருந்த மரியாதை இல்லை. சாணி தருவதில்லை. கேட்டால், "ஏன், அப்பறம் அந்தப் பழியும் எனக்கா?" என்கிறான். கலெக்டரம்மா தினமும் சுங்கமில்லாமல் போய் வருகிறது. தொட்டியை அந்தாண்ட தள்ளி வைத்துவிட்டேன். அவன் முதலிலேயே சொன்ன இடத்தில்.

நடந்தது இவ்வளவுதான். முகாமில் மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். மருந்து சாணியில் இறங்கியது. அந்தச் சாணியை நான் என் கையால் தொட்டியில் போட்டேன். புழுக்கள் செத்தன. விஷம் யாரும் வைக்கவில்லை.